கம்பளிமேல் நின்ற பிரபு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஸ்காட்லாந்து எல்லையோரத்து ஹார்ல்ஹோப் பள்ளத்தாக்கை ஆட்கொள்ள, தெற்கிலிருந்து சர் ஃபுல்க் பிரபு தம் புத்தம்புதிய சிவப்புக் காலணிகளோடு எழுந்தருளினார். எக்காளம் ஊதினார்கள். ஆடுகள் மிரண்டன.

குன்னில்டா வாசலில் நின்று பார்த்தாள். பள்ளத்தாக்கை ஆண்ட அவள் கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையில்லை. அந்தச் சீமைக்கெல்லாம் மேலான கோமகன் நிலத்தைத் தூக்கி ஃபுல்க்குக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்தது. புதிய பிரபு புல்லோடு வெட்டிய மண்கட்டியைக் கையில் வாங்க வேண்டும். வாங்கும்போது அவர் கால் அந்த ஊர்த் தரையை மிதித்திருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு மாடு வெட்டும் மார்ட்டின் திருநாள் விடிவதற்குள் இது நடக்காவிட்டால் நிலம் விதவைக்கே, அவள் கண் மூடும்வரை. விடிந்தால் திருநாள்.

"என்னம்மா இது, இவ்வளவு சேறு?" குதிரைமேலிருந்தே முகம் சுளித்தார் ஃபுல்க். "எங்க ஊர்ல பன்னிகூட இதுல இறங்காது."

"எங்க ஊர்ப் பன்னிங்களுக்கு அவ்வளவு கௌரவம் பத்தாதுங்க, பிரபு," என்றாள் குன்னில்டா. "இருங்க, உங்க காலணி கெடலாமா?" மேய்ப்பன் கெட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள இருக்கிற கம்பளியெல்லாம் கொண்டாந்து விரிடா."

"அம்மா, அது உங்க கல்யாணக் கம்பளிம்மா!"

"விரிடான்னா விரி."

ஃபுல்க் கம்பளிமேல் இறங்கினார். அவள் நீட்டிய மண்கட்டியை இரண்டு விரலால், செத்த எலியைப் பிடிப்பதுபோல் வாங்கினார். மறுபடி குதிரை ஏறினார். "பார்த்தீங்களாடா, மரியாதை தெரிஞ்ச பொம்பளை!" என்று தம் ஆட்களிடம் சொல்லிவிட்டு, "நாளைக்குக் காலையில வீட்டைக் காலி பண்ணிடு," என்று அவளிடமும் சொன்னார்.

மறுநாள் காலை தேவாலய முற்றத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள்.

"மண்ணு வாங்கினேனா இல்லையா?" ஃபுல்க் உறுமினார்.

"வாங்கினீங்க சாமி," என்றான் கெட்டில். "மிதிச்சது கம்பளியை."

அவருடைய எக்காளக்காரனே சிரித்துவிட்டான். பெரியவர்கள் சிரிக்கவில்லை, நிலம் குன்னில்டாவுக்கே என்று தீர்ப்புச் சொல்லி எழுந்தார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை, வாளெடுக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒரு மனிதரின் ஆணவம் எத்தனை முழ நீளம் என்று கண்ணாலேயே அளந்து, அந்த அளவுக்குக் கம்பளி விரித்தாள். எல்லைப்புறத்துப் பாணர்கள் மாடு திருடியவனையெல்லாம் பாடினார்கள். இவளை ஒருவரும் பாடவில்லை.

அன்று திருநாள், குளிர்காலத்துக்கு மாடு வெட்டி உப்புக்கண்டம் போட வேண்டியிருந்தது. எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.