சிவந்த அரிவாள்

மழை சற்று ஓயட்டும் என்று நான்கு நாளாகப் பாக்குத் தோட்டத்துக் கொட்டகையில் காத்திருந்தார்கள். மலைச்சாரல் ஊரான சாகரப் பக்கத்து ஆடி மழை. குடையை விரித்து வைத்தால் அதற்குள் தவளை குடியேறிவிடும். மருந்தடிக்க மூன்று மணி நேர வெயில் வேண்டும். அடிக்காவிட்டால் குலை அழுகும்.

பங்காரி மருந்துப் பீப்பாய்ப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருஷம் மருந்து கலந்த கை. மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரும் சுண்ணாம்புப் பாலும் சேர்ந்ததும் அரிவாளை முக்கிப் பார்க்க வேண்டும். இரும்பு சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை. மருந்து குலையைச் சுட்டுவிடும். போன வருஷம் மேகம் திரண்ட அவசரத்தில், "என் மூக்கே சொல்லுது, சரியா இருக்கு" என்று முக்காமலே அனுப்பிவிட்டான். எட்டாம் நாள் பிஞ்சு உதிர ஆரம்பித்தது. அதன்மேல் கால் வைத்த பசு சறுக்கிக்கொண்டே பக்கத்து ஊர் போய்ச் சேர்ந்ததாக மச்சான் கேரப்பன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். தோட்டக்காரர் ஹெக்டே, பங்காரியைத் தண்ணீர் சுமக்க அனுப்பினார். ஊர் அவனுக்கு மூக்கன் என்று பெயர் வைத்தது.

அதற்குப் பிறகு அவன் வீட்டுக் கொல்லையில் செம்பில் கலந்தான், அரிவாளை முக்கினான், ஒற்றைப் பாக்குமரத்தில் தெளித்தான். மரம் மொட்டையானது. பூனையின் வால் நீலமானது. மறுபடி கலந்தான்.

"குழம்புல மட்டும் அருவாளை முக்கிடாதய்யா" என்றாள் பெண்டாட்டி ஹுலியம்மா.

ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. அவனுக்குப் பதிலாகக் கலக்க வைத்திருந்த ஆள் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டதால் ஹெக்டேவுக்கு வேறு வழியில்லை.

"டேய் பங்காரி, நீயே கலக்கு. இந்த வாட்டியும் உதிர்ந்துச்சு, தண்ணிக் குடம்கூட கிடையாது. வேற தோட்டம் பாத்துக்க."

கலந்தான். அரிவாளை முக்கி, நூறு எண்ணி எடுத்தான். புதுச் செம்புக் குடம்போலச் சிவந்திருந்தது.

மேற்கே மேகம் தலை நீட்டியது.

"என்னடா பாத்துட்டு நிக்கிற? கேரப்பா, குழாயை இழுத்துட்டு ஏறு!"

"அடிக்கக் கூடாதுங்க."

"யாருடா சொல்றது? உன் மூக்கா?"

"இல்லீங்கய்யா. அருவா."

கேரப்பன் பாதி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். "சீக்கிரம் மச்சான்! எறும்பு என்னைப் பங்கு பிரிச்சிட்டிருக்கு."

பங்காரி சுண்ணாம்பு மூட்டைக்குள் கைவிட்டான். காற்றுப் பட்டு, மாவாய்ப் பூத்து, காரம் செத்துப்போன சரக்கு. போன வருஷமே பழசாகியிருந்ததை ஹெக்டே மலிவாக வாங்கிப்போட்டதில் மிச்சம்.

"அப்போ போன வருஷத் தப்பும் உன்னுது இல்லையே!" என்று மரத்திலிருந்து கத்தினான் கேரப்பன்.

ஹெக்டே வானத்தைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு செத்தது அவருது. அருவாளை முக்காதது என்னுது. வாயை மூடிட்டுத் தொங்கு" என்றான் பங்காரி. ஒரு கூடை அள்ளிக் கரைத்து ஊற்றினான். முக்கினான், இளஞ்சிவப்பு. இன்னும் இரண்டு கை. முக்கினான். இரும்பு இரும்பாகவே வந்தது.

"இப்போ அடி!"

கடைசி மரத்திலிருந்து கேரப்பன் இறங்கும்வரை மழை வேலியோரம் நின்று காத்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த வருஷம் ஒரு பிஞ்சு உதிரவில்லை. ஹெக்டேவுக்குப் பாக்குச் சங்கத்தில் சால்வை போட்டார்கள். குலையோடு அவர் நிற்கும் படம் சங்கச் சுவரில் தொங்குகிறது. குலை கனம், அவரால் தனியாகத் தூக்க முடியவில்லை. படத்தின் ஓரத்தில், சட்டத்துக்கு வெளியிலிருந்து நீண்டு, அடியில் ஒரு கை தாங்கியிருக்கிறது. நகமெல்லாம் நீலம்.

சந்தைக்குப் போகும்போதெல்லாம் பங்காரி ஹுலியம்மாவைச் சங்கத்து ஜன்னலுக்கு இழுத்துப் போவான்.

"பாத்தியா? படத்துல என்னமா விழுந்திருக்கேன்!"


உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று அவள் ஒருநாள் கேட்டாள். உறுப்பினர்களை மட்டும்தான் விடுவார்கள் என்றான் அவன், சிரித்தபடி, கண்ணாடியில் மூக்கு நசுங்க.