கொக்கு பிடித்த பந்துகள்

புள்ளிவிவர மேசையில் அவள் வேலை கத்துவது. பந்தைப் போட்டது யார், தவறவிட்டது யார், தட்டிப் பறித்தது யார் என்று ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே போவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைக் கணினியில் ஏற்றுவான். அவள் பார்ப்பாள், எழுத மாட்டாள். அவன் எழுதுவான், பார்க்க மாட்டான். அந்த வெண்கலத் தொண்டைக்காகவே அவளுக்கு ஸ்பீக்கரக்கா என்று பெயர் விழுந்திருந்தது. நடுவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அன்று பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சர்வதேசக் கூடைப்பந்து இறுதி ஆட்டம். சொந்த அணிக்கு நீலச் சட்டை, எதிரணிக்கு வெள்ளை. நீல அணியில் பன்னிரண்டாம் எண்காரியை எல்லோரும் கொக்கு என்பார்கள். குச்சிக் கால், நீண்ட கை. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக எல்லோரும் எம்பும்போது அவள் கை மட்டும் ஒரு முழம் மேலே நிற்கும். அப்படித் திரும்பும் பந்தைப் பிடிப்பதைத்தான் ரீபவுண்ட் என்கிறார்கள். போட்டி முழுக்கச் சேர்த்து அதிக ரீபவுண்ட் எடுக்கும் பெண்ணுக்கு வெளிநாட்டுப் பயிற்சி மையத்தில் இரண்டு வருடம் இடம். கொக்குக்கும் வெள்ளை அணியின் சடைக்காரிக்கும்தான் அதில் இழுபறி. கொக்கின் அப்பா லாரியில் சரக்கேற்றுபவர். அந்த இடம் கிடைக்காவிட்டால் இந்தக் கோடையோடு பந்து போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

கடைசிக் கால் பகுதியில் கூடைப்பந்துச் சங்கத்தின் செயலாளர் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். நீல அணியின் கேப்டன் அவருடைய அண்ணன் மகள்.

"கேப்டன் கணக்கு எவ்வளவு ஆச்சு?"

"பதினெட்டு புள்ளி, பதினோரு அசிஸ்ட், ஏழு ரீபவுண்ட்," என்றான் தம்பி. கூடையில் போடுகிறவளுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதுதான் அசிஸ்ட்.

"ரீபவுண்டும் பத்து வந்துட்டா மூணுலயும் ரெட்டை இலக்கம். இறுதி ஆட்டத்துல இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல. பேப்பர்ல பெருசா போடுவான்."

"பிடிச்சா வரும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது," என்றாள் ஸ்பீக்கரக்கா.

அவர் தள்ளி நின்றார். நீல அணி நாலு புள்ளியில் தோற்றது. தொண்டை வறண்டுபோய் அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். போகிற வழியில் கொக்கு சுவரோரம் கால் நீட்டி அழுதுகொண்டிருந்தாள். "அழாத. பதினாலு எடுத்திருக்க. போட்டி மொத்தத்துல சடைக்காரி உன்னவிட ரெண்டு குறைச்சல்தான். இடம் உனக்குத்தான்," என்று தலையில் தட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது புள்ளிவிவரத் தாளை அச்சடித்து நுழைவாயில் பலகையில் குத்தியிருந்தார்கள்.

கேப்டன், ரீபவுண்ட் பத்து. கொக்கு, பதினொன்று.

முதலில் அவள் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். பிறகு ஆடிய நேரத்தைப் பார்த்தாள். கொக்கு, முப்பத்தாறு நிமிடம் என்றிருந்தது. அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. அந்தப் பெண் நாற்பது நிமிடமும் ஒரு தடவைகூட உட்காராமல் ஆடியிருந்தாள்!

நடந்தது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ரீபவுண்டைச் சும்மா உண்டாக்க முடியாது. தவறிய பந்து எத்தனையோ, அதற்குமேல் யார் கணக்கிலும் போட வழியில்லை. ஒருத்திக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இன்னொருத்தியிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கியவன் அவசரத்தில் மூன்றாம் கால் பகுதியில் கை வைத்திருக்கிறான். அப்போது கேப்டன் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். களத்தில் இல்லாதவள் பேரில் பந்தைப் பதிய மென்பொருள் விடாது. அதனால் கொக்கை வெளியே உட்காரவைத்து, கேப்டனை உள்ளே ஆடவிட்டு, காகிதத்தில் ஒரு தனி ஆட்டமே நடத்தியிருக்கிறான். அவ்வளவு கைவேலை தெரிந்தவன் அந்த மேசையில் ஒரே ஒருத்தன்தான்.

தம்பி சாமான் அறையில் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கை வச்சது நீதானே?"

"அக்கா, கத்தாத. ஒரே அணிக்குள்ளதானே மாத்தினேன். மொத்தக் கணக்கு மாறல. யாருக்கும் நஷ்டமில்ல."

"ஒரே வீடுதானேன்னு உன் தட்டுல இருக்கிறத எடுத்து என் தட்டுல போட்டுக்கட்டுமா? அந்த சடைக்காரி இப்ப எங்க நிக்கிறான்னு பார்த்தியாடா?"

அவன் பார்க்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். ரெண்டு முன்னால் இருந்த கொக்கு இப்போது ஒன்று பின்னால். சொந்தப் பெண் பிடித்த பந்தைத் திருடி, எதிராளியின் பெண்ணுக்கு இடத்தைத் தாரை வார்த்தாகிவிட்டது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"செயலாளர்தான் அக்கா... மூணு வருஷமா தினக்கூலி. ஒண்ணாம் தேதியிலேருந்து நிரந்தரம்னாரு."

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொன்ன பிள்ளை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. அவன் சட்டைக் கையைப் பிடித்து மேற்பார்வையாளர் அறைக்கு இழுத்துப் போனாள்.

மேற்பார்வையாளர் போட்டிக்காக வெளியிலிருந்து வந்த அம்மாள். பரிசளிப்புக்குப் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் ஆட்டப் பதிவைப் போடச் சொன்னார். மூன்றாம் கால் பகுதி ஓடியது. கொக்கு எம்பிப் பிடித்தாள். மறுபடியும் பிடித்தாள். இன்னொரு தடவை இரண்டு வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து உருவி எடுத்தாள். திரையின் ஓரத்தில், ஐஸ் பையோடு கேப்டன் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"திருத்தறேன்," என்றார் அம்மாள். "ஆனா இது எப்படி நடந்ததுன்னு நான் அறிக்கையில எழுதணும். யார் தப்பு?"

அதற்குள் செயலாளர் மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தார். ஸ்பீக்கரக்காவை வாசல் பக்கம் ஒதுக்கி, ரொம்ப வேண்டியவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"எண்ணை மாத்திக் கூவிட்டேன்னு சொல்லிடுங்க. வாய் தவறுறது சகஜம்தானே? அந்தப் பொண்ணுக்கும் நல்லது, உங்க தம்பி வேலையும் பத்திரம். சொந்தத் தம்பியக் காட்டிக் கொடுப்பீங்களா என்ன?"

எவ்வளவு சுத்தமாகக் கூட்டிக் கழித்து வைத்திருக்கிறார் மனுஷன்! கொக்குக்கு இடம், தம்பிக்கு வேலை, இவருக்கு நாற்காலி. பழி மட்டும் இவள் தொண்டைக்கு. உள்ளதைச் சொன்னால், ஒரு கணம் அவளுக்குச் சபலம் தட்டியது. அம்மாவின் மருந்து, தம்பிக்குத் தள்ளிக்கொண்டே போகும் கல்யாணம் எல்லாம் கண்முன் வந்தன. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசினால் போதும். அவன் பேசவில்லை. செயலாளரோ வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட நிம்மதியில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. இன்றைக்கு இவள் தலையில் மிளகாய் அரைத்தவர், அடுத்த போட்டியில் வேறு எந்தப் பெண்ணின் தலையில் அரைப்பாரோ?

அவள் அறைக்குள் திரும்பி, அரங்கமே கேட்கிற அந்தத் தொண்டையில் சொன்னாள்:

"நான் கூவினது சரி. பதிவுலயே என் குரல் இருக்கும், போட்டுக் கேளுங்க. மாத்தினது இதோ நிக்கிறானே, என் கூடப்பிறந்த தம்பி. மாத்தச் சொன்னது அதோ வாசல்ல நிக்கிறாரே, அவரு. வேலை தர்றேன்னு சொல்லி அவன விலைக்கு வாங்கினாரு. ரெண்டு பேரையும் எழுதிக்கோங்க."

செயலாளர் கத்தினார், மிரட்டினார், கடைசியில் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மாள் தம்பியைப் பார்த்து, "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான். அம்மாள் எழுதினார். திருத்திய தாள் பலகைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் கொக்கின் பெயரைச் சொன்னார்கள். அரங்கில் பெண்கள் கிறீச்சிட்டார்கள்.

அக்காவும் தம்பியும் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கழுத்திலிருந்த அடையாள அட்டையை அப்போதே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். இனி அவன் எந்த மேசையிலும் உட்கார முடியாது. அவன் தோளைத் தொடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லக்கா," என்றான் அவன். "நீ சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன்."

அவன் தோளை நோக்கிப் போன அவள் கை பாதியில் நின்றது.

"அப்போ ஏண்டா பாவி, என்னைச் சொல்ல வச்ச?"