மூன்று நட்சத்திரம்

இவளாக இருக்குமோ? போன வாரம் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேசினாளே, கையைப் பார்க்கத்தான் பிடித்தாளோ?

பார்லர் தொட்டியின் விளிம்புப் பள்ளத்தில் கழுத்தை வைத்து மல்லாந்திருந்த, வாடிக்கையாக வரும் டீச்சர் கண்களை மூடியிருந்தாள். அந்தப் பார்லரில் பதினோரு வருடமாகத் தலை கழுவும் வேலை மட்டுமே செய்பவளை எல்லோரும் தண்ணிம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணிம்மா வெந்நீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டு, "சூடு போதுமா?" என்று கேட்டாள். டீச்சர் "ம்" என்றாள். அந்த 'ம்' என்பதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தண்ணிம்மா காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. தலைகீழாகப் பார்த்தால் எல்லா முகமும் எதையோ விழுங்கிக்கொண்ட முகமாகத்தான் தெரிகிறது. இதற்கு முன் அவள் யாரையும் இப்படிப் பார்த்ததில்லை.

மூன்று நாட்களுக்கு முன்பு கடை திறந்ததும், முதலாளியம்மா வழக்கம்போல ஃபோனை எடுத்து, இணையத்தில் கடையைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டினாள். ஐந்து நட்சத்திரம் என்றால் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பாள். அன்று குரல் பாதியில் இறங்கிவிட்டது. மூன்று நட்சத்திரம். பெயர் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பூ. 'தலை கழுவும் அம்மா அன்பானவர். தண்ணீரின் சூட்டைக் கேட்டுக் கேட்டு ஊற்றுவார். ஆனால் அவர் கை நடுங்குகிறது. பாவம், ஓய்வு கொடுத்தால் நல்லது.'

"எதிர்க்கடைக்காரிதான், வேற யாரு," என்றாள் முடி வெட்டுகிறவள். "அவ கடையில தலை கழுவினா ரெண்டு நாளைக்குக் காதுல தண்ணி நிக்கும். அவ பேச வந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணிம்மாவும் சிரித்தாள். ஆனால் எதிர்க்கடைக்காரி 'அன்பானவர்' என்று எழுதமாட்டாள். திட்டி எழுதியிருந்தால் அன்றைக்கே மறந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் முள்ளாகத் தைத்துக்கொண்டு வர மறுத்தது. தன்னைப் பிடிக்காதவர்களை எல்லாம் விட்டுவிட்டு, பிடித்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் குறை இருந்தால் தொட்டியில் படுத்தபடியே சொல்லிவிடுவார்கள். நகம் குத்துதும்மா, நுரை கண்ணுல விழுதும்மா என்று. சொன்ன நிமிடமே சரியாகிவிடும். மறுமுறை வரும்போது இருவருக்குமே நினைவிருக்காது. மாமியார் கதையும் மகனின் கல்யாணப் பேச்சும் அந்தப் பத்து நிமிடத்தில் நுரையோடு நுரையாக வரும். இப்போது படுத்ததுமே ஃபோனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருமுறை ஒருத்தியின் மூக்கின் மேலேயே விழுந்தது. அப்போதும் அவள் முதலில் தடவிப் பார்த்தது மூக்கை இல்லை. சிரித்த முகத்தோடு எழுந்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு, தெருமுனை திரும்புவதற்குள் எழுதிவிடுகிறார்கள். வாய்க்கு வராதது விரலுக்கு வந்துவிடுகிறது.

நடுக்கம் பொய்யில்லை. ஆறு மாதமாக இருக்கிறது. காலையில் தெரியாது. மதியத்துக்கு மேல் வலது கட்டைவிரலில் தொடங்கி மணிக்கட்டுவரை வரும். நுரைக்குள் கை இருக்கும்வரை யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தாள். கண்ணிலிருந்து மறைத்தவள், மண்டைத்தோலுக்குத் தெரிந்துவிடும் என்று யோசிக்கவில்லை.

நேற்று மாலை மகளிடம், "யாரோ கடையைப் பத்தி என்னமோ எழுதியிருக்காங்களாம்," என்று மட்டும் சொன்னாள். வீட்டில் அவர்கள் இருவர்தான். மகள் வெங்காயம் உரித்தபடி, நிமிராமல், "தப்பா ஒண்ணும் எழுதலையேம்மா. அன்பானவங்கன்னுதானே போட்டிருக்கு," என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"எல்லாரும் பாக்குறதுதானே. நானும் பாத்தேன்." கொஞ்சம் பொறுத்து, "டாக்டர்கிட்ட போலாம்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். காதுல வாங்குறியா? செவுத்துகிட்ட சொல்லியிருந்தா அதுகூட இந்நேரம் கிளம்பிப் போயிருக்கும்."

மேசையில் மகளின் ஃபோன் கவிழ்ந்து கிடந்தது. எப்போதும் அப்படித்தான் வைப்பாளா? நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் தலையைக் கழுவிவிடுவதும் இந்தக் கைதான். யாரோ விட்டுப்போன பையைப் பார்ப்பதுபோல அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுவிடலாம். 'நீயா?' ஒரே சொல். இல்லையென்று சொன்னால் நம்புவேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் யோசிக்காமலேயே வந்தது. அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டு போனதும் முதலாளியம்மா வீடியோ எடுப்பதற்கான வட்ட விளக்கைத் தூக்கிவந்து தொட்டிக்கு நேராக நிறுத்தினாள். முடி வெட்டுகிறவள் சொல்லிவைத்ததுபோல வந்து தொட்டியில் தலை வைத்துப் படுத்தாள்.

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம் தண்ணிம்மா. ஒரு நிமிஷ வீடியோ. உங்க கை மட்டும். கீழ நான் எழுதிக்கிறேன், பதினோரு வருஷ அனுபவம், பாறை மாதிரி கைன்னு. அப்புறம் மஞ்சப் பூ வாயைத் திறக்குதா பாப்போம்."

"பாறையை வச்சா தலை தேய்ப்பாங்க?" என்றாள் படுத்திருந்தவள்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "நேத்து ரெண்டு பேரு புக் பண்ணும்போதே வேற ஆள் கழுவட்டும்னு போட்டிருக்காங்க. இதைப் போடலைன்னா உங்களைத் துண்டு துவைக்கப் பின்கட்டுக்கு அனுப்புறதைத் தவிர எனக்கு வழியில்லம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. முதல்ல ஒரு ஒத்திகை பாக்கலாம்."

தண்ணிம்மா குழாயைத் திறந்தாள். கூந்தலை நனைத்து, ஷாம்பூவை உள்ளங்கையில் பரப்பி, உச்சியிலிருந்து தொடங்கினாள். வெள்ளை வெளிச்சத்தில் கையின் நரம்புகள், சுருங்கிய நகக்கண்கள் எல்லாம் வேறு யாருடையதோபோலத் தெரிந்தன. விரல்கள் அசையாமல் வேலை செய்தன. காலை நேரம்.

"பாத்தீங்களா, ஆடவே இல்ல," என்றாள் முதலாளியம்மா. குரலில் நிஜமான நிம்மதி இருந்தது.

இதை எல்லோரும் நம்புவார்கள். ஒரே ஒருத்தியைத் தவிர. அவள் டீச்சரோ, மகளோ, யாரோ, இதைப் பார்த்ததும் காலையில் எடுத்தது என்று கண்டுகொள்வாள். தன் தலையில் பட்டதைத்தான் அவள் எழுதினாள். இந்தக் கை ஊர் பார்க்க அவளைப் பொய்க்காரி ஆக்கும். பின்கட்டின் ஈர வாடையும், வாளி வாளியாகத் துண்டுகளும் தண்ணிம்மாவுக்கு நினைவு வந்தன.

தலையை அலசிவிட்டுக் குழாயை மூடினாள்.

"சரி, இப்ப எடுக்கலாமா?"

"வேண்டாம்மா."

"ஏன், கை நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி, படுத்திருந்தவளின் காதோரத்தைத் துண்டின் நுனியால் ஒற்றியெடுத்தாள்.

முதலாளியம்மாவின் விரல் ஃபோனின் சிவப்புப் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது. தொட்டியில் மிச்சமிருந்த நுரை, ஒவ்வொரு குமிழிலும் ஒரு சின்ன வெள்ளை வட்டத்தோடு, மெல்ல நகர்ந்து நகர்ந்து குழியில் இறங்கிக்கொண்டிருந்தது.