யாரும் மௌத்தாகவில்லை

என் மனைவி ஆசியா உம்மாவுக்கு வலது காலில் சின்ன விரல் இல்லை. சீனி வருத்தத்தால் போன வருசம் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் நடக்கச் சொன்னார். நாளும் நடந்தால் மிச்சக் கால் மிஞ்சும், வீட்டுக்குள்ளேயே இருந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார்.

எங்கள் ஊரில் பெண்கள் சும்மா நடப்பதில்லை. கலியாண வீட்டுக்கு நடப்பார்கள், கிளினிக்குக்கு நடப்பார்கள், யாராவது இறந்தால் மௌத்து வீட்டுக்கு நடப்பார்கள். போகிற இடம் ஒன்று இல்லாமல் இறங்கினால் வேலிக்கு வேலி "எங்க போறீங்க?" என்று கேட்பார்கள்.

மிட்வைஃப் ஷானிகா மிஸ்தான் ஒரு வழி கண்டார். சீனி உள்ள பெண்களைச் சேர்த்துக் காலையில் கூட்டமாக நடக்கவிடுவது. வேதக்கோயில் மாதர் சபைத் தலைவி கத்தரினா தன் ஆட்களோடு வருவதாகச் சொன்னாள். பள்ளிவாசல் நிர்வாகம் சம்மதம் சொன்னது. விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் கரையில் கிடக்கிற நாய்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எல்லாம் பேசினார்கள். ஊருக்குச் சொல்லத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதல் நாள் நான் சுபஹுத் தொழுகை முடித்து உப்பளத்துக்குப் போய்விட்டேன். ஊரில் நடந்ததைப் பிறகுதான் கேட்டேன். ஆசியா முன்னால், கறுப்பு அபாயாவில் ஒரு கூட்டம் அவளுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் கத்தரினாவின் ஆட்கள், உப்பளத்து றோட்டில் விறுவிறு என்று போயிருக்கிறார்கள். வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார் மிஸ். கால் வலியில் ஆசியாவின் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். விடியக்காலையில் அழுதுகொண்டு ஒருத்தி உப்பளப் பக்கம் ஓடுகிறாள். அவ்வளவு போதும்.

என்னோடு வேலை செய்யும் நஜாத்துக்குப் போன் வந்தது. கேட்டான், மௌத்துச் செய்திக்குச் சொல்கிற "இன்னா லில்லாஹி"யைச் சொன்னான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஆரு? முத்தலிபு நானாவா? அவரு எனக்கு முன்னுக்கு நிண்டு உப்பு வாருறாரே!"

போனை வைத்துவிட்டுச் சொன்னான்: "நானா, நீங்க மௌத்தாப் பெயித்தீங்களாம். ஊட்டுக்கு ஓடுங்க, சந்தூக்கும் வந்திரிச்சாம்."

முழங்கால் வரை சேற்றோடு அவனுடைய சைக்கிளில் போய் இறங்கினேன். இறந்தவரை வைத்துத் தூக்குகிற சந்தூக்குப் பெட்டி என் வாசலில் இருந்தது. பக்கத்தில் அடக்க வேலைகளைப் பார்க்கிற ஜனாஸா சங்கத்துத் தலைவர் ஜௌபர் நானா, வேர்வையோடு. மீனவர் சங்கத்துப் பேதுரு கதிரையில் இருந்து முகத்தைத் துவாயால் மூடி அழுதுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேய் முத்தலிபு! கடலுக்குப் போன வள்ளத்தத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறன்டா!"

"அதுக்கு இப்ப நான் என்ன செய்ய? ஒனக்காக ஏறிப் படுக்கவா?"

வாசல் முழுக்கச் சிரித்தது. அந்த நேரம்தான் ஆசியா நடை முடிந்து வந்தாள். சந்தூக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கூட வந்த கத்தரினா விசாரித்துக் காதுக்குள் சொல்ல, நேரே உள்ளே போனாள்.

"உசிரோட ஈக்கிற புருசனுக்கு சந்தூக்கு வரவச்சவ எண்டு ஊரு நான் சாகும்வரைக்கும் சொல்லும்," என்றாள் பிறகு. "இனி என்னை நடக்கச் சொல்லாதீங்க."

சொன்னபடி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவள் வராததால் மற்றப் பெண்களும் நின்றுவிட்டார்கள். கிளினிக்கில் சீனி ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு பின்னேரம், வேலைக் களைப்போடு அவள் பக்கத்தில் இருந்து அந்தக் காலைத் தொட்டேன். இல்லாத விரலுக்கு அடுத்த விரலை.

"தொட்டது தெரியுதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியுது" என்றாள்.

அவள் யோசித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டங்களில் வாய் திறக்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு ஷானிகா மிஸ்ஸிடமும் போனேன், ஜௌபர் நானாவிடமும் போனேன், பேதுருவிடமும் போனேன். மீனவர் சங்கக் கட்டடத்தில் எல்லோரும் கூடினார்கள். இது நடைதான் என்று ஊருக்கு எப்படித் தெரியவைப்பது? அதுதான் பேச்சு.

"எல்லாரும் வெள்ளை உடுத்தினா?" என்றார் மிஸ்.

"வெள்ளை உடுத்தா புருசன் மௌத்தாகி இத்தா இருக்கிற பொம்புளைகள் எண்டு நெனைப்பாங்க," என்றார் ஜௌபர் நானா. "சந்தூக்கு நாலு கேப்பாங்க."

"பாடிக்கொண்டு நடப்பமே," என்றாள் கத்தரினா.

"தலவிலைக் கோயில் திருநாளுக்குப் போற சனமெண்டு கடைக்காரன் மெழுகுதிரி விக்க வருவான்," என்றான் பேதுரு.

கழகத்துப் பொடியன் ஒருவன் பச்சைத் தொப்பி தருகிறோம் என்றான். தேர்தல் வந்துவிட்டதென்று நினைப்பார்கள் என்று அவனையும் உட்காரவைத்தார்கள்.

பேதுரு தலையைச் சொறிந்தான். "ஜௌபர் நானா, ஒரு ஆள் மௌத்தானா ஊருக்கு எப்பிடிச் சொல்லுறீங்க?"

"பள்ளி ஸ்பீக்கர்லதான்."

"அப்ப மௌத்தாகல்ல எண்டும் அதிலயே சொல்லுங்களன்."

ஜௌபர் நானா சிரிக்கவில்லை. வந்திருந்த பள்ளி நிர்வாகத்தாரைப் பார்த்தார். அவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டு, அறிவித்தல் சுருக்கமாக இருந்தால் சரி என்றார்கள். கோயில் ஸ்பீக்கரிலும் சொல்ல பங்குச் சுவாமியிடம் கேட்பதாகக் கத்தரினா சொன்னாள்.

அடுத்த நாள் விடிந்தது. ஆசியா குசினி அடுப்படியில் இருந்தாள். காலுக்குப் போட கிளினிக்கில் சொல்லி வாங்கிய சப்பாத்தை நான் கதவடியில் வைத்திருந்தேன். அவள் அதைத் தாண்டித் தாண்டிப் போனாள், குனிந்து பார்க்கவில்லை.

பள்ளி ஸ்பீக்கர் கரகரத்தது. ஜௌபர் நானா அந்த மைக்கில் இத்தனை வருசமாக ஒரே விசயத்தைத்தான் சொல்லி வந்தவர். குரல் தானாகவே அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

"ஜனாஸா அறிவித்தல்…"

ஊரே மூச்சைப் பிடித்தது. பக்கத்தில் யாரோ "ஐயோ நானா, அது இல்ல!" என்றது ஸ்பீக்கரிலேயே கேட்டது.

"மன்னிக்கோணும். யாரும் மௌத்தாகல்ல. எல்லாரும் சுகமா ஈக்கிறாங்க. நம்மட ஊர்ப் பொம்புளைகள் தேக சுகத்துக்காக நடக்கப் போறாங்க. யாரும் கடையப் பூட்ட வேணாம், வள்ளத்தத் திருப்ப வேணாம்."

குசினியில் ஏதோ விழுந்தது. எட்டிப் பார்த்தேன். ஆசியா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சந்தூக்கு வந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

வேலிக்கு வெளியே கத்தரினாவின் குரல்: "ராத்தா, வாறீங்களா? இல்லாட்டி இந்த மனிசன் அடுத்ததா உங்கட பேரச் சொல்லிருவார்!"

"எனக்கு முன்னுக்குப் போக ஏலாது!"

"நடுவுல வாங்க!"

ஆசியா கதிரையில் வந்து இருந்தாள். குனிந்து நாடா கட்ட அவளால் முடியாது. நான் கட்டினேன்.

"இறுக்கமா ஈக்கா?"

இந்தத் தடவை அவள் யோசிக்கவில்லை. "தெரியல்ல," என்றாள். "நீங்களே பாத்துக் கட்டுங்க."

விரலை உள்ளே விட்டுப் பார்த்து, ஒருமுறை அவிழ்த்து, திரும்பக் கட்டினேன். எழும்பினாள். வெளியே பெண்கள் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.