முதல் பூச்சு

பழைய கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். கதவு ரப்பரை விலக்கிப் பார்ப்பார், டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார், ஸ்க்ரூத் தலையில் லென்ஸை வைத்துப் பார்ப்பார். பிறகு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சில மாதங்களாகத் தூக்கம் இல்லை. காரணம் அவருடைய சகலை.

சகலை என்பது ஒரு விசித்திரமான உறவு. கூடப் பிறந்தவன்மேல் பொறாமைப்பட்டால் நாலு பேர் திட்டுவார்கள். சகலைமேல் பட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அது நடைமுறைதான் என்று விட்டுவிடுவார்கள். மாமனார் வீட்டிலேயே மூத்த மாப்பிள்ளையையும் இளைய மாப்பிள்ளையையும் ஒரே தராசில் ஏற்றி இறக்கித்தானே பழக்கம்? மூத்தவர் நம் பூதக்கண்ணாடி. இளையவர் மெத்தைக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன், சத்தமாகச் சிரிப்பார், கார்புரேட்டர் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டால் யோசிப்பார்.

அந்த மெத்தைக்காரர் ஒரு நாள், ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா வீட்டில் மெத்தை இறக்கப் போனார். கொல்லைக் கொட்டகையில் ஒரு கார் நின்றது. வெளிர்நீலம். அந்த அம்மா நைட் டியூட்டிக்குத் தானே ஓட்டிப் போய், தானே துடைத்து, தானே எண்ணெய் ஊற்றி வைத்திருந்த வண்டி. கண் மங்கிவிட்டதால் ஓட்டுவதை விட்டுவிட்டார். "நல்லா இருக்கேம்மா" என்றார் மெத்தைக்காரர். "புடிச்சிருக்கா? எடுத்துக்கிட்டுப் போப்பா. என்கிட்ட இருந்தா பழைய இரும்பாத்தான் போகும்" என்றார் நர்ஸம்மா. அவ்வளவுதான். மெத்தை உள்ளே போனது, கார் வெளியே வந்தது.

நோகாமல் நொங்கு தின்பது என்றால் இதுதான். ஏனென்றால், பூதக்கண்ணாடியிடம் இருந்ததும் அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷத்து வண்டி. அதை அவர் துருப்பிடித்த தகரக் குவியலாகத்தான் வாங்கினார். தரைத்தகடு இல்லை, கதவுகளில் ஒன்று வேறு வண்டியுடையது. பத்துப் பதினோரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றையே மறந்து, ஒவ்வொரு நட்டாகத் தேடிப் பிடித்து உயிர் கொடுத்தார். பூச்சுக்கு மேல் பூச்சாக மெரூன் அடித்து, முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற அளவுக்குத் தேய்த்தார். "எனக்கு ஜுரம் வந்தப்ப இப்படித் தொட்டுப் பாத்தீங்களா?" என்று அவர் மனைவி கேட்டதுண்டு.

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பழைய கார்க்காரர்கள் மைதானத்தில் கூடுவார்கள். வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்தவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிறவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தவன் பெண்டாட்டியைத் தொட்டாலும் தொடலாம், அடுத்தவன் பெயிண்ட்டைத் தொடக் கூடாது என்று ஒரு கிழவர் சொல்லிச் சொல்லி, அதுவே சட்டமாகிவிட்டது.

சகலை நீல வண்டியை முதல்முறை அங்கே கொண்டுவந்த அன்று, மெரூன் வண்டியைச் சுற்றி நின்ற கைகட்டிய கூட்டம் அப்படியே நகர்ந்து நீல வண்டிக்குப் போய்விட்டது. ஓரங்களில் வெளுத்த நீலம். கைப்பிடிக்குக் கீழே நர்ஸம்மாவின் நகம் பட்டுப் பட்டுத் தேய்ந்து, அடிப்பூச்சின் சாம்பல் தெரிகிற இடம். அதற்கெல்லாம் பெருமூச்சு விட்டார்கள். "பெயிண்ட் எவன் வேணா அடிக்கலாம்யா. அடிக்காம விட்டதை எங்க போய் வாங்குவே?" என்று ஒருவர் சொன்னது, மெரூன் வண்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்ற பூதக்கண்ணாடியின் காதில் தெளிவாக விழுந்தது.

வயிறு எரிந்தது. அன்று மட்டுமல்ல. கடையில் ஒருவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எரியும். சாப்பிட உட்கார்ந்தால் எரியும். தன் வண்டியைத் துடைக்கப் போனால் ரொம்பவே எரியும். தன் கையால் அடித்த அந்த மெரூன், கல்யாணத்துக்கு மேக்கப் போட்ட முகம் மாதிரி அவருக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சகலை வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு உதவி. எல்லாரும் ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் பெயிண்ட்டுங்கறாங்க. அந்தம்மாவும் ஒரு தடவைகூட பெயிண்ட் அடிக்கலன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

பூதக்கண்ணாடி போனார். சகலை வீட்டு முற்றத்தில் நீல வண்டி நின்றது. முதன்முறையாக அதைத் தொட அனுமதி கிடைத்திருந்தது. கதவு ரப்பரை விலக்கினார். உள்ளேயும் அதே நீலம், மறுபடி அடித்திருந்தால் ரப்பர் ஓரத்தில் விழுகிற தெறிப்பு ஒரு பொட்டுகூட இல்லை. டிக்கி விரிப்புக்கு அடியில், தொழிற்சாலையில் எவனோ ஒருவன் சரிபார்த்துவிட்டுப் பென்சிலால் போட்ட ஒரு 'டிக்' அப்படியே இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வண்டியை அவர் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்கப் போவதில்லை. அது ஒரு மெத்தைக்காரனுடையது.

எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"மறுபூச்சு, சகலை."

"என்னண்ணே?"

"எவனோ நல்லா அடிச்சிருக்கான். ஆனா மறுபூச்சுதான். அதுவும் வெளுத்துப் போச்சு."

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப அந்தம்மா சொன்னது?"

"வண்டியைக் கை மாத்தறவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

"அப்ப இதை இப்படியே வெச்சுக்கிட்டிருக்கறதுல அர்த்தம் இல்லையா?"

"உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிரவு படுத்ததும் தூங்கிப் போனார். குறட்டைகூட வந்தது என்று மனைவி சாட்சி.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மனைவி தங்கையோடு போனில் பேசி முடித்துவிட்டு வந்தார்.

"உங்க சகலை வண்டியைப் பெயிண்ட் ஷெட்டுல விட்டுட்டாராம். இன்னிக்கு சுரண்டறாங்களாம். பளபளன்னு செவப்பு அடிக்கப் போறாராம், உங்க வண்டி மாதிரியே."

பூதக்கண்ணாடிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைப்பானேன்? அடுத்த முறை மைதானத்தில் இரண்டு பளபள வண்டிகள் நிற்கும், அதில் ஒன்று தேர்ந்த கை இழைத்தது, இன்னொன்று கூலிக் கை அடித்தது. கூட்டம் எங்கே நிற்கும் என்று கேட்கவா வேண்டும்! சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே லேசாக விசிலடித்தார்.

கடையில் ஒரு வங்கி அதிகாரி வந்து உட்கார்ந்தார். சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுக்கொண்டிருந்தார் பூதக்கண்ணாடி. "இது தெளிவா? அது தெளிவா?" என்று கேட்கும் வாய் கேட்டுக்கொண்டிருந்தது. மனசு மட்டும் அங்கே இல்லை. ஈர உப்புத்தாள் நீலத்தில் படுவது போலவும், நீலத் தண்ணீர் ஓடிச் சாக்கடைக்குப் போவது போலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த நகத் தேய்மானம். அந்தப் பென்சில் டிக். ஊரில் அதை உண்மையில் புரிந்துகொண்ட ஒரே ஆள் தான் மட்டும்தான், அதைக் கொல்வதும் தான்தான் என்று அவருக்கு உறைத்தது.

போய் நிறுத்தலாம். ஆனால் என்ன சொல்லி? தவறாகப் பார்த்துவிட்டேன் என்றா? யானைக்கும் அடி சறுக்கும் என்றா? லென்ஸ் வைத்துப் பார்த்தவன் தவறாகப் பார்த்தேன் என்று சொன்னால் எவன் நம்புவான்? நாளைக்கு அவரை எவன் வண்டி பார்க்கக் கூப்பிடுவான்? அந்த ஒரு வாக்கியத்தில்தானே அவருடைய மரியாதை முழுக்க இருக்கிறது!

"இதுல எழுத்து ரெண்டா தெரியுதே" என்றார் வங்கி அதிகாரி.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடி வெளியே போனார், ஸ்கூட்டரை எடுத்தார். மூக்கில் சோதனைச் சட்டத்தோடு அந்த மனிதர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, தெரியாது.

பெயிண்ட் ஷெட்டில் வண்டி நின்ற கோலத்தைப் பார்த்ததும் ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினார். கண்ணாடிகளில் எல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. பானெட் முழுவதும் சுரண்டி முடித்து வெறும் தகரம் வெள்ளை வெளேரென்று மின்னியது. பெயிண்டர் உப்புத்தாளை நனைத்துக்கொண்டு முன் கதவுக்கு வந்திருந்தார். கைப்பிடிக்குக் கீழே, நகம் தேய்ந்த இடத்துக்கு நேராகக் கை போனது.

"கையை எடுய்யா!"

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சகலை எழுந்து வந்தார். "என்னண்ணே, இவ்வளவு வேகமா? கலர் பாக்க வந்தீங்களா?"

"நிறுத்தச் சொல்லுங்க சகலை. இது மறுபூச்சு இல்ல."

"இல்லையா?"

"கம்பெனிப் பூச்சு. ஒரே பூச்சு. அந்தம்மா சொன்னதுதான் நெசம்."

"அப்ப அன்னிக்குச் சரியாப் பாக்கலையா?"

நல்ல வழி ஒன்றைச் சகலையே திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூதக்கண்ணாடி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"பாத்தேன். நல்லாவே பாத்தேன். பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன். எனக்குப் பொறுக்கல."

"இப்ப அடிக்கணுமா, வேணாமா?" என்று பெயிண்டர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். உப்புத்தாளை வாளியில் போட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

சகலை கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று பூதக்கண்ணாடி எதிர்பார்த்தார். பிடித்திருந்தால் தேவலை. சகலை வெறும் தகரமாக நின்ற பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதும் சிரிக்கிற முகம் சிரிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் அந்தம்மா வீட்டுக்குப் போனேண்ணே" என்றார்.

"எந்தம்மா?"

"நர்ஸம்மா. நீங்க சொன்ன அன்னிக்கே. வாசல்ல நின்னு, இப்படி ஏமாத்திட்டீங்களேம்மா, வயசானவங்க பொய் சொல்லலாமான்னு கேட்டேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் பாத்தாங்க. அவங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல எனக்கு ஒரு சந்தேகமும் வரலண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப அவங்கதானே பொய்க்காரியா இருக்கணும்?"

பூதக்கண்ணாடி பெயிண்டைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தார். தன் பொய் எங்கெல்லாம் நடந்து போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தலை தானாகக் குனிந்தது.

சகலை கண்ணாடிகளில் ஒட்டியிருந்த செய்தித்தாளைக் கிழிக்க ஆரம்பித்தார். பூதக்கண்ணாடியும் மறுபக்கம் போய்க் கிழித்தார். காகிதம் கிழிந்து முடிந்ததும் சகலை சாவியை நீட்டினார்.

"வாங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நீங்களே ஓட்டுங்க."

ஆசைப்பட்ட சீட்டில் பூதக்கண்ணாடி உட்கார்ந்தார். இந்த வண்டியை ஓட்டுவதாக எத்தனை இரவு கண்ணை மூடிக்கொண்டு கனவு கண்டிருப்பார்! சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது. தெருவுக்கு வந்து கியரை மாற்றினால் மாற்றியதே தெரியவில்லை. அவருடைய மெரூன் வண்டியில் இரண்டாவது கியருக்கு ஒரு முனகல் உண்டு. எத்தனை முறை பிரித்துப் போட்டும் போகாத முனகல். இதில் அதுவும் இல்லை.

கண்ணெதிரே வெறும் தகரம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கப் போகிற வழி அது. அந்த நேரத்திலும் வயிற்றில் ஓர் ஓரமாக அந்த எரிச்சல் இருக்கத்தான் செய்தது. வெட்கம் வந்ததும் பொறாமை எழுந்து இடம் கொடுத்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். அது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு, வண்டி?" என்று கேட்டார் சகலை. 'அண்ணே' இல்லை.

பூதக்கண்ணாடிக்கு ஷெட்டில் உண்மையைச் சொன்னதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை.

"என் வண்டியை விட நல்லா இருக்கு."

சகலை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தெருவுல திரும்புங்க" என்றார் பிறகு. "இந்த நேரத்துக்கு அவங்க வாசல்லதான் உக்காந்திருப்பாங்க."