மூன்று மார்க்

வலிக்கு மார்க் போட வேண்டுமாம்! வலியே இல்லை என்றால் பூஜ்யம், உயிர் போகிறது என்றால் பத்து. கொல்லத்தில் இருபத்தாறு வருஷம் தரையில் குந்தி முந்திரிக்கொட்டை உடைத்த வல்சலாவுக்கு இடுப்பிலிருந்து கால்வரை எப்போதும் ஒன்பதுதான். முதல் மாதம் டாக்டர் ஷீபாவிடம் அப்படித்தான் சொன்னாள்.

அதற்கு முன் போன இடத்திலெல்லாம் டாக்டர்கள் எக்ஸ்ரே படத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். ஷீபாதான் திரும்பி உட்காரச் சொல்லி முதுகில் கை வைத்தாள். "இங்கயா சேச்சி? இன்னும் கொஞ்சம் கீழயா?" என்று விரலை மெல்ல நகர்த்தினாள். முழுசாகப் பத்து நிமிஷம். வல்சலாவின் முதுகை அவ்வளவு நேரம் யாருமே தொட்டதில்லை, கட்டினவன் உட்பட.

அடுத்த மாதம் ஷீபா கையை முதுகில் வைத்தபடியே, "மாத்திரை கேட்டுதா சேச்சி?" என்று ஆசையாகக் கேட்டாள். எங்கே கேட்டது? ஆனால் இவ்வளவு மெனக்கெட்டவளிடம் முகத்துக்கு நேராக அதை எப்படிச் சொல்வது? சோறு போட்டவளிடம் மீன்கறியில் உப்பில்லை என்பார்களா?

"கொறஞ்சிருக்கு மோளே. எட்டு."

ஷீபாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்க்கவே வல்சலா மாதம் ஒரு மார்க்காகக் குறைத்துக்கொண்டு வந்தாள். பைத்தியக்காரி!

ஏழாவது மாதம் "மூணு" என்றாள். ஷீபா கைதட்டாத குறைதான்.

"இனிமே நீங்க இங்க வரவே வேண்டாம் சேச்சி! மாத்திரையும் நிறுத்திடலாம். அறுபது பேர் காத்துக்கிட்டிருக்காங்க, உங்க இடத்துல ஒருத்தரச் சேர்த்துக்கறேன்."

வல்சலா எழுந்தாள். இடது கால் மரத்துக் கிடந்தது. மனசும்தான். அழுகை வரவில்லை, ஒன்றும் தோன்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே போனால் மாத்திரையும் இல்லை, அந்தக் கையும் இல்லை.

"டாக்டரே, ஒம்பது."

"என்ன ஒம்பது?"

"வலி. எப்பவும் ஒம்பதுதான்."

ஷீபா சிரித்தாள். "போக மனசில்லையாக்கும்? சும்மா பேசிட்டுப் போக வாங்களேன், யாரு வேண்டாம்னா?" வல்சலாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நோட்டைப் புரட்டினாள். எட்டு, ஏழு, ஆறு. எல்லாம் அவள் கையெழுத்து.

"ஏன் பொய் சொன்னீங்க? இத நம்பித்தானே மாத்திரையக் கொறச்சுக்கிட்டே வந்தேன்?"

"முழுசாப் பொய்யில்ல மோளே. நீங்க கை வெச்சிருக்கற வரைக்கும் மூணுதான்."

ஷீபா மூன்றை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். பழைய மாத்திரையையே பழைய அளவில் எழுதிக் கொடுத்தாள். மாத்திரை திரும்பக் கிடைத்துவிட்டது.

முதல் மாதம் போல மறுபடி பார்ப்பாள் என்று நினைத்து, வல்சலா உட்கார்ந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கி, முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"அடுத்த மாசம் வாங்க" என்றாள் ஷீபா. மணியை அடித்தாள்.