பியானோவுக்கு நடு பார்த்த மேஸ்திரி

ஆயிரத்து முந்நூற்றைம்பது லேய். குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிய கூலியில் பியானோ டீச்சர் கசாந்த்ரா, பந்தெலி மேஸ்திரிக்கு வைத்த பாக்கி அது. பணம் இல்லை, பதிலுக்குப் பியானோ கற்றுத் தருகிறேன் என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் முட்டி தேய்ந்துபோனவனுக்கு வேறென்ன வேண்டும்?

பந்தெலி ஒப்புக்கொண்டதற்குக் காரணம் சம்பந்தி கொர்னேல். ப்ரயிலா நகரத்தில் பேண்டு வாத்தியம் ஊதுகிறவர். சிமெண்டு குழைப்பவனுக்குச் சங்கீதச் செவி இருக்கும் என்பதையே நம்பாதவர். பேத்தியின் ஞானஸ்நான விருந்து அவர் வீட்டில்தான். அவருடைய பியானோவிலேயே ஒரு தாலாட்டு வாசித்து அந்த வாயை அடைக்க வேண்டும்.

"மேஸ்திரி, கறுப்புக் கட்டை ரெண்டு, மூணுன்னு கூட்டங்கூட்டமா இருக்கு பாருங்க. ரெண்டுக்கு இடப்பக்கம் ஒட்டினாப்ல இருக்கிற வெள்ளைதான் முதல் சுரம், 'தோ'. நடுவுல வர்றது நடு தோ."

பந்தெலியின் காதில் நடு மட்டும் விழுந்தது. சுவருக்கு நடுவில் கோடு போடாமல் முதல் டைலை ஒட்டுகிறவன் ஒரு மேஸ்திரியா? டேப்பை இழுத்துக் கட்டை வரிசையை அளந்தான், நடுவில் பென்சிலால் கோடு போட்டான்.

"கோட்டுக்கு வலப்பக்கம் தோ."

"அது ஃபா, மேஸ்திரி. வேற சுரம்."

"டேப் பொய் சொல்லுமா டீச்சரம்மா?"

அங்கிருந்து வாசித்தால் நாலாவது சுரம் இடறியது. பியானோ செய்தவனின் வேலை சுத்தமில்லை என்று பந்தெலி தீர்ப்புச் சொன்னான். வாதாடிக் களைத்த கசாந்த்ரா, "நாலாவதுக்கு மட்டும் இடப்பக்கக் கறுப்பை அமுக்குங்க" என்றாள். தாலாட்டு ஒருவழியாக வந்துவிட்டது.

விருந்தில் எல்லோரும் பார்க்க டேப்பை இழுத்தான். கொர்னேலின் பழைய பியானோவுக்கு வலது கோடியில் மூன்று கட்டை குறைவு. நடு நகர்ந்திருந்தது. பந்தெலி நகர்ந்த நடுவிலிருந்து நம்பிக்கையோடு ஆரம்பித்தான். குழந்தை வீறிட்டது.

"பாட்டு முடிஞ்சா சொல்லுங்க சம்பந்தி, பாப்பா காதுல வெச்ச பஞ்சை எடுக்கணும்" என்றார் கொர்னேல்.

மறுநாள் காலையிலேயே பந்தெலி கசாந்த்ராவின் கதவைத் தட்டினான்.

"என் காசை வைங்க. உங்க பாட்டு இந்த வீட்டு வாசலைத் தாண்டினா செத்துப்போவுது!"

"உட்காருங்க. கண்ணை மூடுங்க. கறுப்பைத் தடவுங்க. ரெண்டு கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"இடப்பக்கம் வெள்ளையில இறங்குங்க. இனிமே கறுப்புப் பக்கமே போகாதீங்க."

தாலாட்டு எங்கும் இடறாமல் ஓடியது. கண்ணைத் திறந்தால் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான். இன்னொரு ஜோடிக் கறுப்பைத் தேடி வாசித்தான். அங்கும் அதே பாட்டு. உடனே சம்பந்திக்குப் போன் போட்டு, அதைப் பியானோ மேல் வைத்து, முழுசாக வாசித்தான்.

முடித்ததும் போனைக் காதில் வைத்தான். கொர்னேல் கேட்டார்: "யாரு, டீச்சரா வாசிச்சது?"

பந்தெலி போனை அணைத்தான்.

"இதைத்தானே முதல் நாளே சொன்னேன் மேஸ்திரி?"

"சொன்னீங்க. சொன்னா புரியற மாதிரி சொல்லணும்ல" என்று எழுந்தான். "போகட்டும். ஆயிரத்து முந்நூற்றைம்பதும் கழிஞ்சுது."